வாயில் மீனோடு வரும் பறவைக்கு வழிவிடுங்கள்

இந்தக் கோடையில் ஐஸ்லாந்து போகவிருக்கும் தமிழ்ப் பயண நண்பர்களுக்கு,

உங்களில் சிலர் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தீர்கள். சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள், லண்டனிலிருந்து கிளம்புகிறவர்கள், ஆஸ்லோவில் இருந்துகொண்டு ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துப்போகிறவர்கள் என்று புறப்படும் இடம் வேறு வேறு. திட்டம் மட்டும் ஒரே அச்சு. முதல் நாள் கெய்சிர் வெந்நீர் ஊற்று, குல்ஃபோஸ் அருவி. மறுநாள் தெற்குக் கரை, கறுப்பு மணல். நடுவே ஒற்றை வரியில் ‘பஃபின் – 30 நிமிடம்’. தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று இந்த மடல்.

அரை மணியில் படம் கிடைத்துவிடும், அதில் சந்தேகமில்லை. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, ஆரஞ்சுக் கால், சிவப்பும் மஞ்சளும் நீலச்சாம்பலும் பட்டையடித்த முக்கோண அலகு. எப்படி எடுத்தாலும் அழகாக விழும் பறவை. ஆனால் அந்த அரை மணியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வேலையில்லாத பறவையைத்தான். வேலையுள்ள பறவையைப் பார்க்க வேண்டுமென்றால் நேரம் வேண்டும். எங்கே உட்காருவது என்பதும் தெரிய வேண்டும். என் ஆலோசனை இதுதான்: சாலையோர மலைமுனையில் காரை நிறுத்திவிட்டு ஓடாதீர்கள். ஒரு மாலையை முழுதாக ஒதுக்கிக் கப்பலேறி ஹெய்மாயே தீவுக்குப் போங்கள். அதன் தென்கோடியில் ஸ்டோர்ஹோஃப்தி என்றொரு முனை இருக்கிறது. அங்கே போய்ப் பறவையின் நிறத்தைப் பார்க்காதீர்கள். அதன் வாயில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பால் கடலில் சிதறிக் கிடப்பவை வெஸ்ட்மன் தீவுகள். அத்தனையும் எரிமலை பெற்றவை. அவற்றில் ஆள் குடியிருக்கும் தீவு ஹெய்மாயே மட்டும்தான். நாலாயிரத்துச் சொச்சம் பேர், மீன்பிடித் தொழில். 1973 ஜனவரி 23 அதிகாலை, ஊர் தூங்கிக்கொண்டிருந்தபோது, கிழக்கு ஓரத்தில் நிலம் பிளந்து நெருப்பு வந்தது. முந்தின நாள் புயல் என்பதால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்திலேயே நின்றிருந்தன. அந்தப் படகுகளில்தான் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அந்த இரவே தீவைவிட்டு வெளியேறினார்கள். எரிமலை ஜூலைத் தொடக்கத்தில்தான் அடங்கியது. ஏறக்குறைய 400 வீடுகள் போயின. துறைமுகத்தின் வாயை எரிமலைக் குழம்பு அடைத்துவிடாமலிருக்க, மாதக்கணக்கில் கடல்நீரை இறைத்து அதன்மேல் பாய்ச்சினார்கள். துறைமுகம் பிழைத்தது, தீவுக்குப் புது நிலமும் சேர்ந்தது. அந்த வெடிப்பில் எழுந்த எல்ட்ஃபெல் என்ற செம்மலையில் ஏறலாம். புதைந்த வீடு ஒன்றைத் தோண்டியெடுத்து அதைச் சுற்றியே கட்டிய எல்ட்ஹெய்மார் அருங்காட்சியகமும் 2014 முதல் இருக்கிறது. இதையெல்லாம் உங்கள் கையேடு சொல்லிவிடும் என்பதால் இத்தோடு விடுகிறேன்.

ஸ்டோர்ஹோஃப்தி எல்ட்ஃபெல்லைவிட மூத்தது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து எழுந்த எரிமலையின் மிச்சம் அது. தீவின் உடலோடு ஒரு குறுகிய கழுத்து நிலத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயரம் 122 மீட்டர். உச்சியில் 1906இல் கட்டிய கலங்கரை விளக்கமும் வானிலை நிலையமும் உண்டு. ஐரோப்பாவிலேயே காற்று மிகுந்த இடங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. 1991 பிப்ரவரி 3ஆம் தேதிப் புயலில் அங்கே காற்று மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது. கோடையிலும் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும். குடை கொண்டுபோகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

அங்கிருந்து தென்மேற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளில், கடலில் தனியாக ஒரு கறுப்புத் திட்டு தெரியும். அது சுர்ட்சே. 1963 நவம்பரில் கடலுக்கடியில் வெடித்து, 1967 ஜூன்வரை வளர்ந்த தீவு. அன்றிலிருந்தே ஆய்வாளர்களைத் தவிர யாரும் அங்கே காலெடுத்து வைக்க முடியாது. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்தது. வெறும் சாம்பலாகவும் பாறையாகவும் பிறந்த அந்த நிலத்தில் 1970இல் முதன்முதலாகக் கடற்பறவைகள் கூடு வைத்தன. பஃபின் வர இன்னும் காலம் பிடித்தது. அது அங்கே கூடு வைப்பது 2004இல்தான் தெரியவந்தது. நாற்பது ஆண்டுத் தாமதம் ஏன்? மற்ற பறவைகளுக்குப் பாறை விளிம்பு போதும். பஃபினுக்கு மண் வேண்டும். முன்னால் வந்த பறவைகளின் எச்சம் விழுந்து, அதில் புல் முளைத்து, புல் வேர்விட்டு, வேர் மண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகே அதற்குத் தோண்ட இடம் கிடைக்கிறது. நீங்கள் ஸ்டோர்ஹோஃப்தியில் மிதிக்கப்போகும் பச்சைச் சரிவும் அப்படி, பறவைகள் தலைமுறை தலைமுறையாக உரம் போட்டு உண்டாக்கிய மண்தான்.

அந்தச் சரிவு முழுக்க ஓட்டை. காலாலும் அலகாலும் தோண்டிய வளைகள், ஒவ்வொன்றும் ஒரு கை நீளமோ அதற்கு மேலோ உள்ளே போகும். வெளியிலிருந்து பார்த்தால் புல்வெளிதான்; உள்ளே கூரை மெலிந்த நிலவறைகள். பாதையோரக் கயிற்றைத் தாண்டி நாலடி வைத்தால் கூரை இறங்கி, அடியில் இருக்கும் குஞ்சு புதைந்துபோய்விடும். ‘கொஞ்சம்தானே தாண்டினேன்’ என்று சிரித்துக்கொண்டே திரும்பி வருகிறவர்களுக்குக் கீழே நடந்தது தெரிவதேயில்லை. பாதை எங்கே போகிறதோ அங்கே மட்டும் நடங்கள். சரிவில் பறவை பார்ப்பதற்கென்றே சின்ன மரக்குடில் ஒன்று இருக்கிறது. காற்றிலிருந்தும் தப்பலாம், பறவைக்கும் உங்கள் உருவம் தெரியாது. நான் சொல்லும் இடம் அதுதான்.

எப்போது போவது? மே, ஜூனில் பறவைகள் இருக்கும், மீன் இருக்காது. பஃபின் ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஆறு வாரம்போல் அடைகாக்கும். ஜூலையில் குஞ்சு பொரிந்த பிறகே மீன் வரத்தொடங்குகிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்கப் பெரும்பாலான பறவைகள் கடலில் இருக்கும். மாலையில்தான் கரைக்குத் திரும்பிக் கூட்டம் சேரும். இரவு எட்டு, ஒன்பது மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும் என்பதால் இரவுச் சாப்பாட்டை முன்னாலேயே முடித்துக்கொண்டு போங்கள்.

போய் உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் படுவது புல்லின்மேல் நின்றுகொண்டு அங்குமிங்கும் பார்க்கும் பறவைகள். தலையைச் சாய்க்கும், பக்கத்துப் பறவையோடு அலகைத் தட்டிக்கொள்ளும், உங்களையும் ஒரு பார்வை பார்க்கும். இணையத்தில் நீங்கள் பார்த்த படங்களில் பாதி இவைதான். இவற்றில் பல இன்னும் குடும்பம் அமையாத இளசுகள். பஃபின் முதல் முட்டை இட நாலைந்து வயதாவது ஆகும். அதுவரை கோடைதோறும் கரைக்கு வந்து, வளை எங்கே காலியாக இருக்கிறது, துணை யார் கிடைப்பார் என்று பார்த்துவிட்டுப் போகும். நேரம் நிறைய உண்டு, ஆகவே நன்றாகப் போஸ் கொடுக்கும்.

மீன் கொண்டுவரும் பறவையின் கதை வேறு. கடல் பக்கமிருந்து நேராக வரும். அரைக் கிலோ உடம்புக்கு இறக்கை சிறிது; காற்றில் நிற்க நிமிடத்துக்கு நானூறு முறைவரை அடித்தாக வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் பறப்பது பெரிய விஷயமல்ல, நிறுத்துவதுதான் அதற்குச் சிரமம். ஆரஞ்சுக் கால்களை அகல விரித்து, காற்றோடு மல்லுக்கட்டி, கடைசிப் படியில் கால் தவறியவரைப் போலப் புல்லில் விழும். விழுந்ததும் ஓட்டம். இரண்டு மூன்று நொடியில் வளைக்குள் மறைந்துவிடும். கடற்காகங்கள் மேலே சுற்றிக்கொண்டிருப்பதுதான் இந்த அவசரத்துக்குக் காரணம். மீனோடு தயங்கி நிற்கும் பறவையைத் துரத்தி, அது பதறிக் கீழே போடும் மீனை அள்ளிக்கொண்டு போவதே அவற்றின் பிழைப்பு.

அந்த இரண்டு மூன்று நொடியில் அலகைப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் சின்ன மீன்கள் குறுக்காக, இருபக்கமும் மீசைபோல் தொங்கும். ஒரே தடவையில் பத்து மீன்வரை சாதாரணமாகக் கொண்டுவரும். ஒன்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டே அடுத்ததை எப்படிப் பிடிக்கிறது? மேலண்ணத்தில் உள்நோக்கி வளைந்த சிறு முட்கள் இருக்கின்றன. பிடித்த மீனை நாக்கால் அந்த முட்களின்மேல் அழுத்திக்கொண்டால் அலகைத் திறந்தாலும் மீன் நழுவாது. தண்ணீருக்குள் அது இறக்கையால்தான் நீந்துகிறது. அறுபது மீட்டர் ஆழம்வரை முங்கும். காற்றில் தடுமாறும் அந்தக் குட்டை இறக்கை தண்ணீருக்கு அளவெடுத்தது என்பது அப்போது புரியும். கரையில் நாம் பார்ப்பது அதன் வாழ்க்கையின் சின்னத் துண்டுதான். குஞ்சு வளர்க்கும் வேலை முடிந்ததும் ஆகஸ்ட், செப்டம்பரில் கடலுக்குள் போய்விடும். பிறகு வசந்தம்வரை நடு அட்லாண்டிக்கில் அலைமேல் மிதந்தே காலம் தள்ளும். நாம் படமெடுக்கத் துடிக்கும் வண்ண அலகுத் தகடுகளைக்கூடக் குளிர்காலத்தில் உதிர்த்துவிடுகிறது.

மீன்தான் இந்த முனையின் ஜாதகம். ஐஸ்லாந்தின் தென்கடலில் பஃபின் குஞ்சுகளின் முதன்மை உணவு சாண்டீல் என்ற மெல்லிய, கொழுப்புச் செறிந்த சிறுமீன். ஆபத்து வந்தால் அடிக்கடல் மணலுக்குள் புதைந்துகொள்ளும் இனம். 2005 வாக்கில் அந்த மீன் தென்கடலில் சரிந்தது. கடல் சூடேறியதுதான் முதன்மைக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மீன் சரிந்த ஆண்டுகளில் வெஸ்ட்மன் தீவுகளின் பஃபின்கள் வழக்கம்போல் வந்தன, முட்டையிட்டன. பிறகு பல முட்டைகளைக் கைவிட்டன. பொரிந்த குஞ்சுகள் பலவும் வளைக்குள்ளேயே பட்டினியில் மடிந்தன. உலகத்தின் மிகப் பெரிய பஃபின் குடியிருப்பு இந்தத் தீவுக்கூட்டம். அங்கே வரிசையாகப் பல ஆண்டுகள் ஒரு தலைமுறையே ஏறக்குறைய இல்லாமல் போனது.

முதல் பார்வைக்கு இது தெரியாது என்பதைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பஃபின் இருபது முப்பது ஆண்டு வாழும் பறவை. குஞ்சே பிழைக்காத ஆண்டிலும் சரிவில் பெரியவை நின்றுகொண்டிருக்கும். படமும் நன்றாகவே விழும். ‘ஆயிரக்கணக்கில் இருக்கிறதே, இதற்கென்ன ஆபத்து’ என்று கேட்டுவிட்டு விமானமேறலாம். 2015இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அட்லாண்டிக் பஃபினை ‘அழிவுக்கு உள்ளாகக்கூடியது’ என்ற வகையில் சேர்த்தபோது உலகில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பஃபின்கள் இருந்தன. எண்ணிக்கையை விட்டுவிட்டு அலகைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். ஜூலைக் கடைசியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் மீனோடு ஒரு பறவைகூட இறங்கவில்லை என்றால், அந்த ஆண்டு அந்தச் சரிவின் பாடு எப்படி என்று உங்களுக்கே விளங்கிவிடும். இறங்கும் மீன்கள் ஊசிபோல் மெலிந்திருந்தாலும் அதே செய்திதான். தென் ஐஸ்லாந்து இயற்கை ஆய்வு மையத்தின் எர்புர் ஸ்னைர் ஹான்சென் 2010 முதல் கோடைக்கு இரண்டு முறை நாட்டைச் சுற்றி வந்து, நீளக் குழாயின் நுனியில் கேமராவைப் பொருத்தி வளைவளையாக உள்ளே விட்டுப் பார்க்கிறார். முதல் சுற்றில் முட்டை, இரண்டாம் சுற்றில் குஞ்சு. நாம் வெளியே உட்கார்ந்து அலகைப் பார்ப்பது அந்த வேலையின் எளிய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே சாண்டீல் மீனை மீன்தூளாகவும் எண்ணெயாகவும் அரைப்பதற்காக வடகடலில் டன் கணக்கில் பிடிக்கும் வழக்கம் நெடுநாள் உண்டு. 2024 மார்ச்சில் பிரிட்டன், வடகடலில் இங்கிலாந்துக்குச் சொந்தமான பரப்பிலும் ஸ்காட்லாந்துக் கடல் முழுவதிலும் அதைத் தடைசெய்தது. பஃபினும் கிட்டிவேக் என்ற கடற்பறவையும் பட்டினி கிடக்கின்றன என்பதே சொன்ன காரணம். ஐரோப்பிய ஒன்றியம் இதை எதிர்த்து நடுவர் மன்றம்வரை போனது. ஒரு பறவையின் வாய்க்கு எது போக வேண்டும் என்பது அரசுகள் வழக்காடும் விஷயமாகிவிட்டது. லண்டன் நண்பர்கள் இதை என்னைவிட நன்றாக அறிந்திருப்பீர்கள்.

இப்போது நாம் எங்கே நிற்கிறோம் என்பதற்கு வருகிறேன். மீனோடு வரும் பறவைக்கும் அதன் வளைக்கும் நடுவில் ஒரு மனிதர் நின்றால் அது இறங்காது. வட்டமடிக்கும், மறுபடி வரும், மறுபடி விலகும். கடற்காகத்துக்கு அதுதான் வேளை. இல்லாவிட்டால் கடலில் போய் இறங்கிக் காத்திருக்கும், அல்லது மீனைத் தானே விழுங்கிவிடும். ஒருவர் ஐந்து நிமிடம் நின்றால் குஞ்சு செத்துவிடாது. அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் ஒரு பேருந்துக் கூட்டம் என்று ஜூலை மாலை முழுதும் அந்த விளிம்பில் ஆள் மாறி ஆள் நிற்கும்போதுதான் ஒரு வேளை, இரண்டு வேளை என்று தவறுகிறது. விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப்பார்த்து எடுக்கும் படத்தில் பறவை பெரிதாக இருக்கும். ஆனால் அது உங்களைப் பார்த்து விறைத்து நிற்கும் பறவை. குடிலுக்குள் உட்கார்ந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் நீங்கள் இருப்பதையே மறந்துவிட்டு அதுபாட்டுக்கு வந்து போகும்.

ட்ரோனை அறையிலேயே விட்டுவிடுங்கள். மேலே ஏதோ மிதந்தால் பறவைக்கு அது வேட்டைப் பறவைதான். ஒன்று பதறினால் சரிவு முழுக்க ஒரே நேரத்தில் கடலுக்குப் பாய்ந்துவிடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பாறை விளிம்பில் புல் மூடியிருப்பதால் நிலம் எங்கே முடிகிறது என்று தெரியாது. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த முனைக்கு நெடுங்காலம் ஒரு நல்ல பார்வையாளர் இருந்தார். கலங்கரை விளக்கத்தையும் வானிலைப் பதிவையும் பார்த்துக்கொண்ட ஓஸ்கர் சிகுர்த்சன். 1953இல் தொடங்கி, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பறவைகளின் காலில் வளையம் மாட்டினார். எண்ணிக்கை 65,000ஐத் தாண்டி, கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. ஒரு பஃபின் எத்தனை ஆண்டு வாழும், ஆண்டுதோறும் அதே வளைக்குத் திரும்புகிறதா என்பதெல்லாம் இப்படிப்பட்டவர்கள் மாட்டிய வளையங்களால்தான் நமக்குத் தெரிகிறது. அறிவியல் பட்டம் எதுவும் இல்லாமல், ஒரே பாறையில் உட்கார்ந்துகொண்டு செய்த வேலை. நாம் கேட்பது ஒரு மாலைதான்.

அடுத்து, உங்களில் சிலர் கோபமாகக் கேட்ட கேள்வி. ‘அந்த ஊரில் பஃபினைத் தின்கிறார்களாமே?’ ஆமாம். முன்பு நிறைய, இப்போது கொஞ்சம். புகையூட்டிய பஃபின் இறைச்சி அவர்களுக்குப் பழைய உணவு. விளைச்சல் நிலம் இல்லாத பாறைத் தீவில் முட்டையும் பறவையும் மீனும்தான் நூற்றாண்டுகளாக உயிரைக் காத்தன. இன்றும் அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளி வயதிலேயே கயிறு கட்டிப் பாறைச் சுவரில் ஊஞ்சலாடப் பழகுகிறார்கள். முட்டை எடுக்கத் தேவைப்பட்ட வித்தை இப்போது விளையாட்டாகிவிட்டது. பஃபினைப் பிடிப்பது நீண்ட கழியின் முனையில் வலை கட்டி, சரிவில் பதுங்கியிருந்து, பறந்துபோகும் பறவையைக் காற்றிலேயே அள்ளும் முறை. ஃபாரோ தீவுகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தது. அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாயில் மீனோடு வரும் பறவையின்மேல் வலை வீசக் கூடாது. அது குஞ்சுக்கு எடுத்துப்போகும் பறவை. சும்மா சுற்றும் இளசுகளைத்தான் பிடிக்க வேண்டும்.

கொல்ல வந்தவரும் முதலில் அலகைத்தான் பார்க்கிறார். வேட்டையை நான் ஆதரிக்கவில்லை. குஞ்சுகள் பிழைக்காத ஆண்டுகளுக்குப் பிறகு இளம் பறவைகளைப் பிடிப்பது, வரவே இல்லாத கணக்கிலிருந்து செலவு செய்வது. முழுவதுமாக நிறுத்த வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். வேட்டை நாட்களும் ஆகஸ்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. ஆனால் அந்த ஊர்க்காரரிடம் போய் ‘எப்படி மனசு வருகிறது’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் பாட்டனாரிடம் கற்றுக்கொண்ட கட்டுப்பாடு, விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கும் நம்மிடம் இல்லை.

சீக்கிரம் போக முடியாதவர்கள், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ விடுப்புக் கிடைத்தவர்கள், வருத்தப்பட வேண்டாம். முனையில் கூட்டம் கலைந்திருக்கும். வேடிக்கை ஊருக்குள் இறங்கியிருக்கும். ஆறேழு வாரம் வளைக்குள் மீன் தின்று வளர்ந்த குஞ்சு ஓர் இரவில் தனியாக வெளியே வந்து கடலைத் தேடிப் பறக்கிறது. தாய் தகப்பன் துணைக்கு வருவதில்லை, வழியும் சொல்லித்தருவதில்லை. கடல்மேல் தெரியும் வெளிச்சத்தை நம்பிப் பறக்கும் அது, துறைமுக விளக்கையும் தெருவிளக்கையும் பார்த்துக் குழம்பி, கார் நிறுத்துமிடத்திலும் மீன் ஆலையின் முற்றத்திலும் வந்து விழும். தரையிலிருந்து அதனால் எழும்ப முடியாது. பூனைக்கோ சக்கரத்துக்கோ இரையாக வேண்டியதுதான். ஆகவே அந்த வாரங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்கு இரவில் சீக்கிரம் தூங்க வேண்டும் என்ற சட்டம் கிடையாது. கைவிளக்கும் அட்டைப்பெட்டியுமாகத் தெருத்தெருவாக அலைவார்கள். பிஸ்யா என்று அந்தக் குஞ்சுக்குப் பெயர். பிடித்ததைப் பெட்டியில் இரவு முழுக்க வைத்திருந்து, மறுநாள் எடை பார்த்துப் பதிவு செய்து, கடலோரப் பாறைக்கு எடுத்துப்போய்க் காற்றில் தூக்கி எறிவார்கள்.

இந்த எடைப் பதிவு 2003 முதல் ஒழுங்காக நடக்கிறது. கடலில் மீன் எப்படி இருந்தது என்பதற்கு இது ஒரு கணக்கு. வயிறாரத் தின்ற குஞ்சு 250 கிராமுக்கு மேல் நிற்கும். பசியில் வளர்ந்தது அதற்கு வெகுவாகக் குறையும். அப்படிக் கிளம்பியது திரும்பி வருவது அரிது. நல்ல ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் பதிவாகும். சாண்டீல் இல்லாத ஆண்டுகளில் பிள்ளைகள் ராத்திரி முழுக்கச் சுற்றியும் பெட்டி காலியாகவே வீடு திரும்பியது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கடலில் மீன் இல்லை என்பது அப்படித்தான் தெரிந்தது.

ஒரு பிஸ்யா உங்கள் கண்ணிலும் படலாம். கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு இறக்கையையும் உடலோடு சேர்த்துப் பிடியுங்கள். கடிக்கும், வலிக்கும், விட்டுவிடாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வையுங்கள். ரொட்டி, பிஸ்கட், தண்ணீர் எதுவும் வேண்டாம். மறுநாள் பகல் வெளிச்சத்தில், எடையைப் பதிவு செய்த பிறகு, விளக்கில்லாத பக்கத்துக் கடலோரத்தில் விடுங்கள். துறைமுகத்தில் விழுந்து வயிற்றில் எண்ணெய் படிந்த குஞ்சு என்றால் விடக்கூடாது. அதன் இறகில் தண்ணீர் ஏறி, குளிரில் விறைத்துப்போகும். ஊரில் சீ லைஃப் அறக்கட்டளை நடத்தும் மையம் இருக்கிறது. 2019இல் இரண்டு வெள்ளைத் திமிங்கிலங்களைக் கொண்டுவந்தார்களே, அந்த இடம்தான். அங்கே கொடுத்தால் கழுவித் தேற்றி விடுவார்கள். உங்கள் பிள்ளைகளைவிட அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும் என்பதால், தெருவில் யாராவது அட்டைப்பெட்டியோடு போனால் கூடவே போய்விடச் சொல்லுங்கள். மொழி ஒரு தடையாக இருக்காது.

போக்குவரத்து: ஹெர்யோல்வுர் என்ற கப்பல் லாண்டேயாஹொஃப்ன் துறையிலிருந்து நாற்பது நிமிடத்தில் சேர்க்கும். கடல் கெட்டிருந்தால் தோர்லாக்ஸ்ஹொஃப்னுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கடலில் தலைசுற்றுகிறவர்கள் மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பெட்டியில் அல்ல. தீவில் ஓர் இரவாவது தங்குங்கள். கடைசிக் கப்பலைப் பிடிக்கும் அவசரத்தோடு ஸ்டோர்ஹோஃப்திக்குப் போனால் மறுபடி அந்த அரை மணிக் கணக்குதான். ஆகஸ்ட் முதல் வார இறுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 1874 முதல் நடக்கும் ஊர்த் திருவிழா அப்போது. நாடே அங்கே கூடும், கப்பலிலும் இடம் கிடைக்காது, அறையும் கிடைக்காது. மற்ற நாட்களுக்கும் காரோடு போவதாக இருந்தால் கப்பல் சீட்டை இந்த வாரமே எடுத்துவிடுவது நல்லது.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் போய் வந்த ஒருவர்